74 வெற்றியும் கால் விநாடியும்

2000ஆம் ஆண்டு, பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் ஊரில் இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்துவந்த பிராட் ரட்டர் என்ற இளைஞர், 'ஜெபர்டி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடி வினாவுக்குப் போனார். வரிசையாக ஐந்து ஆட்டங்களை வென்றார். ஆறாவது ஆட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒருவர் ஐந்து முறைக்கு மேல் வெல்ல முடியாது என்பது அன்றைய விதி. யாரிடமும் தோற்காமலேயே 55,102 டாலரோடு ஊர் திரும்பினார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, யூட்டா மாநிலத்து மென்பொருள் பொறியாளர் கென் ஜென்னிங்ஸ் அதே மேடை ஏறினார். அதற்குள், 2003இல், ஐந்து ஆட்ட வரம்பை எடுத்துவிட்டிருந்தார்கள். 2004 ஜூன் 2 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தில் தொடங்கி, அவர் ஒன்றுவிடாமல் 74 ஆட்டங்களை வென்றார். அவற்றில் அவர் சேர்த்த தொகை 25,20,700 டாலர். இருவரில் யார் பெரிய ஆட்டக்காரர்? 2005இல் முன்னாள் சாம்பியன்களையெல்லாம் திரட்டி நடத்திய பெரும்போட்டியின் இறுதியில் ஜென்னிங்ஸைத் தோற்கடித்து 20 லட்சம் டாலரை அள்ளிச் சென்றவர் ரட்டர்தான். 2020இல் இருவரும் மீண்டும் மோதியபோது நிலைமை தலைகீழானது. ஜென்னிங்ஸ் பட்டம் வென்றார், ரட்டருக்கு ஓர் ஆட்டம்கூட வசப்படவில்லை.

ஜென்னிங்ஸுக்குப் பின் நீண்ட ஓட்டக்காரர்கள் பலர் வந்துவிட்டார்கள். 2019இல் ஜேம்ஸ் ஹோல்ஸ்ஹவர் 32 ஆட்டம். 2021இல் மேட் அமோடியோ 38. அதே ஆண்டு இறுதியில் தொடங்கி 2022 ஜனவரி வரை ஏமி ஷ்னைடர் 40. அடுத்த சில மாதங்களிலேயே கனடாவின் மேட்டியா ரோச் 23. ஒவ்வொரு முறையும் ஒரே முணுமுணுப்பு எழுகிறது. இருபது, முப்பது ஆட்டம் அதே இடத்தில் நின்று பழகியவரோடு, இன்று காலைதான் அரங்கத்தை முதன்முதலாகப் பார்த்தவரை மோதவிடுவது நியாயமா?

சாம்பியனுக்குக் கூடுதல் அனுகூலம் இருக்கத்தான் செய்கிறது. அதை மறுப்பவர்கள் இந்த ஆட்டம் எப்படி நடக்கிறது என்று கவனிக்காதவர்கள். ஆனால் அந்த அனுகூலத்தில் அவர் ஆடிச் சம்பாதித்தது எவ்வளவு, நிகழ்ச்சி நடத்துபவர்களின் ஏற்பாட்டால் அவருக்குத் தானாக வந்து சேர்ந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவதில் கை வைக்க யாருக்கும் உரிமை இல்லை. இரண்டாவதைப் புதியவர்களோடு பங்கிட்டே ஆக வேண்டும்.

தமிழ் வாசகர்களுக்குப் பழக்கமான 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' வகை நிகழ்ச்சியில் இந்தச் சிக்கலே கிடையாது. ஹாட் சீட்டில் உட்கார்ந்தவர் பரிசுத் தொகையை எதிர்த்துத்தான் ஆடுகிறார்; எதிரே இன்னொரு மனிதர் இல்லை. ஜெபர்டி வேறு மாதிரி. மூன்று பேர் நிற்பார்கள். ஒருவர் முந்தைய ஆட்டத்தை வென்றவர், மற்ற இருவர் புதியவர்கள். ஆறு தலைப்புகள், தலைப்புக்கு ஐந்து குறிப்புகள். இரண்டாம் சுற்றிலும் அதே எண்ணிக்கை, இரட்டிப்புத் தொகைக்கு. கடைசியில் மூவரும் விடையை எழுதிக் காட்டும் ஒரே ஒரு குறிப்பு. ஆக மொத்தம் 61. வென்றவர் சேர்த்த தொகை முழுவதும் அவருக்கு. அடுத்த ஆட்டத்துக்கும் அவரே வருவார். தோற்ற இருவருக்கும் ஆறுதல் தொகை உண்டு. பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே வாய்ப்பு அத்தோடு முடிந்துவிடும்.

இந்த ஆட்டத்தின் உயிர்நிலை போட்டியாளர் கையில் இருக்கும் பஸ்ஸர். தொகுப்பாளர் குறிப்பை வாசித்து முடிக்கும்வரை அது வேலை செய்யாது. கடைசி அசை அவர் வாயிலிருந்து வந்ததும், கேமராவுக்கு வெளியே மேசையில் உட்கார்ந்திருக்கும் ஊழியர் ஒருவர் ஒரு பொத்தானைத் தட்டுவார். குறிப்புப் பலகையின் ஓரங்களில் விளக்குகள் எரியும். வீட்டில் பார்ப்பவர்கள் கண்ணில் அவை படுவதில்லை. அந்த நொடியிலிருந்துதான் பஸ்ஸர் திறக்கும். அவசரப்பட்டு முன்னதாக அழுத்தியவருடைய பஸ்ஸர் கால் விநாடி பூட்டிக்கொள்ளும். 1984இல் இப்போதைய நிகழ்ச்சி தொடங்கியபோது எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம் என்றுதான் இருந்தது. வீட்டில் பார்ப்பவர்களும் கூடவே ஆட வேண்டும், போட்டியாளர்கள் பாதி வாசிப்பில் குறுக்கிடக் கூடாது என்பதற்காக அடுத்த ஆண்டே விதியை மாற்றினார்கள்.

விளக்கைப் பார்த்து விரல் அசைவதற்கே மனிதருக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விநாடி ஆகிவிடும். ஆகவே விளக்குக்காகக் காத்திருப்பவர் பெரும்பாலும் பிந்திவிடுவார். தேர்ந்தவர் காதை நம்புகிறார். தொகுப்பாளரின் குரல் எங்கே இறங்குகிறது, கடைசிச் சொல்லை எவ்வளவு இழுக்கிறார், அவர் முடித்த பிறகு அந்த ஊழியர் எவ்வளவு இடைவெளி விட்டுத் தட்டுகிறார் என்று கணித்து அழுத்துகிறார். பாடகர் சமத்தில் வந்து விழும் இடத்தை முன்கூட்டியே உணரும் மிருதங்கக்காரரின் கைதான் இங்கேயும் வேண்டும். ஒரே பாடகரோடு இருபது கச்சேரி வாசித்தவருக்கு அது தானாக வரும். முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எப்படி வரும்?

அறிவுப் போட்டியில் விரலுக்கு இத்தனை முக்கியத்துவமா என்று கேட்கலாம். இணையவழித் தேர்வு, நேர்முகம், மாதிரி ஆட்டம் என்று சலித்துச் சலித்துத்தான் ஆண்டுக்குச் சுமார் 400 பேரை மேடைக்கு எடுக்கிறார்கள். அப்படி வந்து நிற்கும் மூவருக்கும் பாதிக்கு மேற்பட்ட குறிப்புகளுக்கு விடை தெரிந்தே இருக்கும். மூவருக்கும் தெரிந்த இடத்தில் யார் பேசுவது என்பதை விரல்தான் தீர்மானிக்கிறது. திரையில் பார்க்கும்போது சாம்பியன் சகலமும் அறிந்தவராகவும், மற்ற இருவர் ஒன்றும் தெரியாமல் விழிப்பவர்களாகவும் தோன்றும். உற்றுப் பார்த்தால் அந்த இருவரின் கட்டைவிரலும் விடாமல் பஸ்ஸரைத் தட்டிக்கொண்டிருப்பது தெரியும். இந்தத் தோற்றப் பிழைதான் தோற்றவர்களுக்கு இழைக்கப்படும் முதல் அநியாயம்.

அடுத்தது படப்பிடிப்பு நாளின் ஒழுங்கு. கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டியில் உள்ள சோனி வளாகத்தில், ஒரே நாளில் ஐந்து ஆட்டங்களைப் பதிவு செய்கிறார்கள். ஒரு வாரத்துக்கான ஒளிபரப்பு ஒரு நாளில் முடிகிறது. ஆட்டம் முடிந்ததும் சாம்பியன் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வருவார். நேயர்களுக்கு அது மறுநாள். அன்றைக்கு வந்த புதியவர்கள் அரங்கில் தனியே உட்கார்ந்திருப்பார்கள். அடுத்து யார் என்பது குலுக்கலில்தான் தெரியும். நான்காவது ஆட்டத்துக்குப் பெயர் வரும் ஒருவரை எண்ணிப் பார்க்க வேண்டும். காலை ஒத்திகையில் சிறிது நேரம் பஸ்ஸரைப் பிடித்திருப்பார். அந்த ஒத்திகையிலும் குறிப்பை வாசித்தது உண்மையான தொகுப்பாளர் இல்லை. அவருக்குப் பதிலாக நிற்கும் வேறொருவர். பிறகு மணிக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, தம்மைப் போன்ற ஆறு பேர் வீழ்வதைப் பார்த்திருப்பார். அதே நேரத்தில் சாம்பியன் அசல் குரலுக்கும் அசல் விளக்குக்கும் சுமார் 170 குறிப்புகளில் விரலைப் பழக்கியிருப்பார். போதாததற்கு, அவர் இதுவரை எத்தனை ஆட்டம் வென்றார், எத்தனை டாலர் சேர்த்தார் என்பதை ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் உரக்க அறிவிப்பார்கள். முதல் சுற்றில் முதல் குறிப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவருக்கே.

இதையெல்லாம் தோற்றவர்களின் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஜென்னிங்ஸே இதை எழுதியிருக்கிறார். 2006இல் வெளிவந்த 'பிரெய்னியாக்' என்ற தம் நூலில், பொத்தானை இயக்கிய ஊழியரின் சீரான கணக்கு தொடர்ந்து ஆடுபவருக்குச் சாதகமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார். நிகழ்ச்சிக் குழுவும் அவருடைய ஓட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை. புதியவர்களுக்கு ஒத்திகை நேரத்தைக் கூட்டியது. 2004 செப்டம்பரில் அடுத்த பருவம் தொடங்கியபோது அந்த மேசையில் வேறொருவர் உட்கார்ந்தார். வேறுபாட்டைத் தம்மால் நன்றாக உணர முடிந்தது என்று ஜென்னிங்ஸ் சொல்கிறார்.

அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. பருவ இடைவேளைக்கு முன் ஜென்னிங்ஸ் வென்றது 38 ஆட்டம். ஏற்பாடு மாறிய பின்னர் வென்றது 36. அனுகூலத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்ட பிறகும் அவர் ஏறக்குறைய அதே அளவு வென்றார். நிகழ்ச்சி தந்த சலுகை வேறு, அவருடைய திறமை வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆடிய 75 ஆட்டங்களில் 65இல், கடைசிக் குறிப்புக்கு முன்பே யாரும் எட்ட முடியாத முன்னிலையில் அவர் இருந்தார். விரல் வேகத்தால் மட்டும் இது ஆகாது.

விரலின் எடையை அறிய இன்னொரு நிகழ்வும் உதவும். 2011 பிப்ரவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் கணினி, ஜென்னிங்ஸையும் ரட்டரையும் எதிர்த்து ஆடியது. முடிவில் வாட்சன் 77,147 டாலர், ஜென்னிங்ஸ் 24,000, ரட்டர் 21,600. கணினியின் அறிவைத்தான் உலகம் வியந்தது. ஆனால் பஸ்ஸர் திறந்த செய்தி அதற்கு மின்சமிக்ஞையாகவே போய்ச் சேர்ந்தது. விடையில் அதற்கு நம்பிக்கை இருந்தால் இயந்திர விரல் பிசகாமல் உடனே அழுத்தியது. இரண்டு பெரும் சாம்பியன்களும் விடை தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் நின்றார்கள். ஜென்னிங்ஸின் எதிரே நின்று தோற்றவர்கள் 2004இல் அனுபவித்ததை அன்று அவரே அனுபவித்தார்.

அப்படியானால் பழைய ஐந்து ஆட்ட வரம்பையே கொண்டுவந்தால் என்ன? கணக்கு அதற்கு எதிராகப் பேசுகிறது. நூறு ஆட்டத்தில் தொண்ணூறு வெல்லக்கூடிய ஒருவர் தொடர்ந்து ஐந்து வெல்வதற்கான வாய்ப்பு 59 விழுக்காடு. நூற்றுக்கு எழுபது வெல்லக்கூடியவருக்கே 17 விழுக்காடு உண்டு. ஐந்து வெற்றி என்ற அளவுகோலில் நல்லவரும் மிக நல்லவரும் ஒரே உயரத்தில் நிற்பார்கள். எழுபத்து நான்கு என்பது முற்றிலும் வேறு. தொண்ணூறு விழுக்காடு ஆட்டக்காரர் அதை எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 2,400இல் ஒன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வெல்பவருக்குக்கூட அந்த வாய்ப்பு பாதிக்குக் கீழே. ரட்டர் போன்ற ஒருவரை ஐந்தோடு அனுப்பிவிட்டதில் யாருக்கு நியாயம் கிடைத்தது? அவர் எங்கே போய் நின்றிருப்பார் என்பது எவருக்கும் தெரியாமல் போனதுதான் மிச்சம்.

பிரிட்டனில் 1982 முதல் நடக்கும் 'கவுன்ட்டவுன்' இதற்கு வேறொரு வழி கண்டது. எட்டு ஆட்டம் வென்றவரை ஓய்வுக்கு அனுப்பி, தொடரின் இறுதிச் சுற்றில் திரும்ப அழைப்பார்கள். பார்க்க நாகரிகமான ஏற்பாடு. ஆனால் எழுத்துகளிலிருந்து சொல் அமைப்பதும், எண்களைக் கூட்டிக் கழித்து இலக்கை எட்டுவதும்தான் அங்கே பெரும்பகுதி ஆட்டம். முப்பது விநாடி இருவருக்கும் பொது. இருவருமே தம் விடையைச் சொல்லலாம். கடைசிப் புதிரில் மட்டும்தான் முந்திக்கொள்ளும் போட்டி. அதாவது, பழக்கத்தால் விரலுக்கு வரும் அனுகூலம் மிகக் குறைவாக இருக்கும் இடத்தில் வரம்பு இருக்கிறது. மிக அதிகமாக இருக்கும் ஜெபர்டியில் வரம்பு இல்லை. வரம்புக்கும் நியாயத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இதுவே போதும்.

மேலும், ஜெபர்டி சாம்பியன் முந்தைய ஆட்டத்தின் பணத்தில் ஒரு டாலரைக்கூட அடுத்த ஆட்டத்துக்குள் கொண்டுவர முடியாது. மூவரும் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறார்கள். ஹோல்ஸ்ஹவர் கையாண்ட உத்தியும் எவருக்கும் மூடிய ரகசியமில்லை. பெரும்பாலோர் மலிவான குறிப்புகளிலிருந்து மேலேறும்போது, அவர் விலை கூடிய குறிப்புகளை முதலில் எடுத்துப் பணத்தைச் சேர்த்தார். விரும்பிய தொகையைப் பணயம் வைக்க இடம்தரும் 'டெய்லி டபுள்' குறிப்புகளைத் தேடிப் பிடித்து, கையிலிருந்ததையெல்லாம் வைத்தார். ஒரே ஆட்டத்தில் 77,000 டாலர் என்றிருந்த பழைய சாதனையை 1,31,127க்கு உயர்த்தினார். தமக்குத் தெரியாத துறைகளைப் பிடிக்க நூலகத்தில் குழந்தைகளுக்கான புத்தகங்களைப் படித்தவர் அவர். பஸ்ஸர் பயிற்சிக்கென்றே எழுதப்பட்ட சிறுநூலையும் விடவில்லை. இதை அநியாயம் என்றால் உழைப்பு என்பதற்கே பொருளில்லை.

அவரை வீழ்த்தியவரைப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். சிகாகோ பல்கலைக்கழக நூலகர் எம்மா பெட்சர், ஜெபர்டி குறிப்புகளில் எது எளிது, எது கடினம் என்று கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்பதையே தம் முதுகலை ஆய்வாக எடுத்துக்கொண்டவர். அவர் அரங்குக்குப் போனபோது ஹோல்ஸ்ஹவரின் ஆட்டங்கள் இன்னும் ஒளிபரப்பாகவில்லை. எதிரே நிற்பவர் யார் என்று அன்றுதான் தெரியும். கடைசிக் குறிப்புக்கு முன் அவரிடம் 26,600, ஹோல்ஸ்ஹவரிடம் 23,400. பெட்சர் 20,201 டாலரைத் துணிந்து வைத்தார். கிறிஸ்டோபர் மார்லோ பற்றிய குறிப்பு, விடை சரி. 46,801 டாலரோடு வென்றார். புதியவர் வெறுங்கையோடு வருவதில்லை. லட்சக்கணக்கான பழைய குறிப்புகளை ரசிகர்கள் தொகுத்து எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். பேனாவைப் பஸ்ஸராகப் பிடித்துப் பழகுபவர்கள் ஏராளம். சாம்பியனுக்கோ ஒரு நாளில் ஐந்து ஆட்டம் நின்று ஆடும் களைப்பு உண்டு. ஷ்னைடரின் 40 ஆட்ட ஓட்டத்தை முடித்த ரோன் டால்ஸ்மாவும் சிகாகோ பகுதி நூலகர்தான். பெயர் ஆங்கிலத்தில் 'எச்' எழுத்தில் முடியும் ஒரே நாடு பங்களாதேஷ் என்று அவர் எழுதினார். முன்னிலையில் இருந்த ஷ்னைடருக்கு அது தோன்றவில்லை.

ஜென்னிங்ஸும் தோற்றார். 2004 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பான ஆட்டத்தில், வீடு விற்பனை முகவரான நான்சி செர்க், கடைசிக் குறிப்பில் 14,401 டாலரை எட்டினார். அதுவரை ஜென்னிங்ஸிடம் இருந்தது 14,400. வரி கணக்கு எழுதித் தரும் எச் அண்ட் ஆர் பிளாக் நிறுவனத்தைக் கேட்ட இடத்தில் அவர் ஃபெட்எக்ஸ் என்று எழுதி 8,799க்கு இறங்கினார்.

இத்தனைக்குப் பிறகும், அந்த 74 ஆட்டங்களில் அவர் எதிரே நின்று போன 148 பேரை மறக்க முடியாது. ஒரு வாரம் முன்போ பின்போ அழைப்பு வந்திருந்தால் வென்றிருக்கக்கூடியவர்கள் அவர்களில் பலர். ஆண்டுக்கணக்கில் தேர்வெழுதிக் காத்திருந்து, விமானமேறி வந்து, முப்பது நிமிடத்தில் திரும்பிப் போனவர்கள். குலுக்கல் செய்த இந்தக் கொடுமைக்குச் சாம்பியனைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் யாரும் பொறுப்பேற்காமல் விடவும் கூடாது. தோற்றவர்களில் நன்றாக ஆடியவர்களுக்கென்று 2022இல் 'இரண்டாம் வாய்ப்பு' போட்டியைத் தொடங்கினார்களே, அது பல ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டிய மருந்து.

நீண்ட ஓட்டம் நிகழ்ச்சிக்கு ஆதாயம் என்பதால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை. 1956-57இல் 'ட்வென்டி ஒன்' என்ற நிகழ்ச்சியில் சார்லஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியரை நாடே கொண்டாடியது. அவருக்கு விடைகளை முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள். அவரிடம் தோற்கும்படி ஹெர்ப் ஸ்டெம்பெல் என்ற முந்தைய சாம்பியனுக்கு உத்தரவு போயிருந்தது. 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் வான் டோரன் உண்மையைச் சொன்னார். மறு ஆண்டே இத்தகைய மோசடியைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. சாம்பியனுக்குத் தரப்படும் அநியாயமான அனுகூலம் என்றால் அதுதான். குறிப்புகளை எழுதுபவர்களும் முன்பே படித்துவிட்ட தொகுப்பாளரும் போட்டியாளர்களோடு பழகக் கூடாது என்று இன்று கடைப்பிடிக்கும் கண்டிப்பு அந்தக் காலத்தின் பாடம்.

ஆனால் அதே கண்டிப்புதான் காலை ஒத்திகையில் அசல் தொகுப்பாளரின் குரலைப் புதியவர்களுக்கு எட்டாமல் செய்கிறது. இதைத் தீர்க்கப் பெரிய செலவு எதுவும் ஆகாது. தொகுப்பாளர் பழைய ஆட்டங்களில் வாசித்த ஒலிப்பதிவுகள் ஆயிரக்கணக்கில் நிகழ்ச்சியிடமே இருக்கின்றன. அவற்றை ஓடவிட்டு, அன்று மாலை வரை விளக்கை இயக்கப்போகும் அதே ஊழியரை உட்காரவைத்து, ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு முழுச் சுற்று, முப்பது குறிப்புகள், பயிற்சி தரலாம். மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு மேடை ஏறுபவர்களுக்கு உணவு இடைவேளையில் இன்னொரு சுற்று. கேட்க வேண்டிய இடமும் தூரத்தில் இல்லை: இந்த அனுகூலத்தைத் தம் நூலில் எழுதிவைத்த கென் ஜென்னிங்ஸ்தான் இப்போது அந்த நிகழ்ச்சியின் தொகுப்பாளர்.